ஷிப்ட் பஸ்ஸை நிறுத்திய பச்சோந்தி

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. என் கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு வாரம்தான் பாக்கி. எனக்கு ஒரே குறை, ஒரு பச்சோந்தியைக்கூடப் பார்க்காமல் இந்த ஊரைவிட்டுப் போகிறோமே என்பதுதான்.

பள்ளிப் புத்தகத்தில் படம் பார்த்த நாளிலிருந்து அதன்மேல் அப்படியொரு ஆசை. கட்சி மாறுகிறவர்களை அதன் பெயர் சொல்லித் திட்டினால் எனக்குக் கோபம் வரும். முந்திரித் தோப்புகளில் உண்டு என்று கேள்விப்பட்டு, வார விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கணவரை இழுத்துக்கொண்டு போய்க் கிளை கிளையாகத் தேடியிருக்கிறேன். ஓணானைக் காட்டி, "இதையே அதுன்னு நெனச்சுக்கோயேன்" என்பார் மனிதர்.

அன்று காலை தனியாகத் தோப்போரம் நடந்துகொண்டிருந்தேன். நடுச்சாலையில் பச்சையாக ஏதோ அசைந்தது. பச்சோந்தி! ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் வளைவில், சுரங்கத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. இத்தனை ஆசையிருந்தும் அதைத் தொட்டுத் தூக்க எனக்குத் தைரியமில்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

"இன்னாம்மா, ரோட்டுல நின்னுகினு? கேட்ல பஞ்ச் போட லேட்டானா யாரு பதில் சொல்றது?" என்று டிரைவர் சத்தம் போட்டார். ஷிப்டுக்குப் போகிறவர்களின் அவசரம் எனக்குத் தெரியாதா? காலமெல்லாம் டிபன் பாக்ஸ் கட்டியவள். பின்னால் கை காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அடங்கினார். ஆனால் இன்ஜின் உறுமிக்கொண்டேதான் இருந்தது.

ஜன்னலெல்லாம் தலைகள். "ஒரு கண்ணு இங்க பாக்குது, ஒரு கண்ணு அங்க பாக்குதுய்யா!" என்றது ஒரு குரல். "வண்டிய எடுங்கண்ணே, நேரமாவுது" என்றது இன்னொன்று. நான் திரும்பினால் வண்டியை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, பஸ்ஸைப் பார்த்தபடியே நின்றேன், திரும்பவே இல்லை.

"போயிடுச்சும்மா. நல்லா பாத்தீங்களா?" என்றார் டிரைவர். திரும்பினேன். முந்திரி இலைகள்தான் அசைந்தன. இல்லை என்று தலையாட்டும்போது அழுகை வந்துவிட்டது.

அத்தனை அவசரத்திலும் அவர் ஸ்டியரிங் மேல் ஒரு கையை வைத்து, அது நடந்த மாதிரியே ஆட்டி ஆட்டி, மெதுவாக நடத்திக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

இன்றும் பச்சோந்தி என்றாலே எனக்கு நினைவில் வருவது அந்தக் கைதான். நான் பார்க்காமல் விட்டதை எனக்காகப் பார்த்து வைத்திருந்தார்களே என்று மனசு நிறைந்துவிடுகிறது.