டின்மீன் பேணியில் நெல்

எங்கள் பாடசாலையில் குழந்தை இயேசு ஒவ்வொரு வருடமும் மூன்று கிழமை முந்தியே பிறந்துவிடுவார். டிசம்பர் தொடங்கியதும் மூன்றாம் தவணை முடிந்து விடுமுறை விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் இல்லாத பாடசாலையில் அவர் பிறந்து என்ன செய்வது? ஆகவே, ஊர்த் தேவாலயத்தில், கிறிஸ்து பிறப்புக்குக் காத்திருக்கும் திருவருகைக்காலத்தின் நான்கு திரிகளில் முதலாவது மெழுகுதிரியை ஏற்றும்போது எங்கள் வகுப்பில் நான்காவது திரியும் உருகி முடிந்திருக்கும். இதை யாரும் பிழையாக எடுத்ததாக எனக்கு நினைவில்லை. வகுப்பில் முப்பத்திரண்டு பெண்பிள்ளைகள் இருந்தோம். வேதக்காரப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவர்கள், பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் என்னைப் போலச் சைவம், ஐந்தாறு பேர் முஸ்லிம்கள். ஆனால் பாலன் பிறப்பைக் கொண்டாடும் ஒளிவிழா என்று வந்துவிட்டால் அது எல்லாருடைய வீட்டு விசேஷமும் ஆகிவிடும்.

நான் நான்காம் ஆண்டில் இருந்தபோது எங்கள் வகுப்பாசிரியை ஒரு சிஸ்டர். கட்டையான உருவம், வேகமான நடை. மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை, மறுநாள் ஆளுக்கொரு டின்மீன் வந்த வெறும் தகரப் பேணியும் ஒரு பிடி நெல்லும் கொண்டுவரச் சொன்னார். பேணியில் நெல்லை முளைக்கவிட்டு, ஒளிவிழாவன்று பாலன் இயேசுவின் குடிலைச் சுற்றிப் பச்சையாக அடுக்குவதாம். ஆளுக்கொரு பேணி, பேணிக்கு மேல் பெயர்.

"திருவருகைக்காலம் எண்டா காத்திருக்கிற காலம், பிள்ளைகள். விதைச்சிட்டுக் காத்திருந்து பாருங்க. அப்ப விளங்கும்" என்றார்.

எனக்கு விளங்கிய முதலாவது விஷயம், எங்கள் வீட்டில் டின்மீன் பேணி இல்லை என்பதுதான். அப்பா கடற்தொழில் செய்பவர். பெரியநீலாவணையில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த மாடிவீட்டில் இருந்தோம். எங்கள் வீட்டுக்குள் என்ன வந்தாலும் டின்மீன் மட்டும் வந்ததே இல்லை.

"மீன்காரன்ட வீட்டுல டின்மீன் பேணியா? ஆரும் கண்டா என்னத்த நினைப்பாங்க?" என்று அப்பா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் மேல்மாடி வீட்டில் போய் ஒன்றைக் கேட்டு வாங்கி, களவெடுத்த பொருளைப் போலப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

நெல்லுக்கு அவ்வளவு பாடுபடவில்லை. அடுப்படி மூலையில் ஒரு சாக்கு நெல் இருந்தது. அம்மா கருவாட்டுக்கு மாற்றி வாங்கியது. சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்திருந்ததால் அம்மா அவர் இருக்கும் திருக்கோவில் என்ற ஊருக்குப் போயிருந்தார். போவதற்கு முன் அந்த நெல்லை என்னென்னவோ செய்து, மொட்டைமாடியில் காயவைத்து, மில்லுக்கு அனுப்பக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா சாக்கை அவிழ்த்து ஒரு பிடி அள்ளித் தந்தார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன மீன் போகிறது என்று சொல்லிவிடுவார் அவர். நெல்லைப் பொறுத்தவரையில் அவருக்கும் எனக்கும் நெல் என்றால் நெல்தான்.

மறுநாள் வகுப்பில் நெல் கொண்டுவந்தவர்களின் பேச்சைக் கேட்க வேண்டுமே! இது எங்கட வயல், அது பெரியப்பாட வயல், இது சிவப்பு நெல், அது வெள்ளை நெல். என் பக்கத்தில் இருந்தவள் ஸஹ்ரா. கல்முனைக்குடிப் பிள்ளை.

"இது எங்கட வாப்பாட வயல் நெல்லு. சவளக்கடையில இருக்கு" என்றாள்.

எங்களிடம் கடல் இருந்தது. ஆனால் கடலைப் பேணியில் அள்ளிக்கொண்டுவந்து வகுப்பில் காட்ட முடியாது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்கடயும் சவளக்கடைதான். உங்கட வயலுக்குப் பக்கத்து வயல்."

ஸஹ்ரா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "ஓமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் பேணியில் மண் போடத் தொடங்கினாள்.

ஏழாம் நாள் ஜன்னலோரம் முழுக்கப் பச்சை. ஊசி ஊசியாக எல்லாப் பேணியிலும் எட்டிப் பார்த்தது, என்னுடையதைத் தவிர. நான் இரண்டு நேரமும் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றியது போதாதோ என்று மூன்றாம் நேரமும் ஊற்றினேன். ஒன்பதாம் நாளும் மண் மண்ணாகவே இருந்தது. பின்வரிசை வாங்கில் யாரோ யாருக்கோ சொல்வது கேட்டது, "பொய் சொல்ற ஆக்கள்ற பேணி முளைக்காதாம்." என்னைப் பற்றித்தான் சொன்னாளா என்று தெரியாது. ஆனால் நான் பேணியைப் பெயர் தெரியாதபடி திருப்பி வைத்தேன்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். கடல் கொந்தளிப்பால் தோணிகள் எல்லாம் கரையில் கிடந்தன. வேலை இல்லாத அப்பாவுக்கு என் பேணிதான் பொழுதுபோக்கு. தினமும் நான் சப்பாத்தைக் கழற்றும் முன்பே "முளைச்சிட்டா மகள்?" என்று கேட்பார். முதல் நாள் "ஓம் அப்பா" என்றேன். மறுநாள் "நல்லா வந்திருக்கு" என்றேன். அதற்கடுத்த நாள் அவர் கடற்கரையில் நின்றவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பாடசாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனிதர், ஒளிவிழாவுக்குத் தானும் வரப்போவதாகச் சேர்ட்டைத் தோய்த்துக் காயவிட்டார். முப்பத்தொரு பச்சைப் பேணிக்கு நடுவில் என் பெயர் எழுதிய வெறும் மண்ணை அப்பா பார்க்கப்போகிறார்.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் என் பேணிக்குப் பக்கத்தில் நின்றார். விரலால் மண்ணைக் கிளறி இரண்டு நெல்மணியை எடுத்து, உடைத்துப் பார்த்தார்.

"இது எங்கத்த நெல்லு?"

"எங்கட வயல், சிஸ்டர்" என்றேன்.

அவர் மணிகளைத் திரும்ப மண்ணில் போட்டார். "சரி, தண்ணியை இனிக் கொஞ்சமா ஊத்து" என்றுவிட்டுப் போய்விட்டார்.

அன்று பாடசாலை விட்டபின் நான் மண்டபத்துக்குள் போனேன். குடில் கட்டி முடிந்திருந்தது. மாதா இருந்தார், சூசையப்பர் இருந்தார், ஒரு காது உடைந்த ஆடு இருந்தது. நடுவில் வைக்கோல் மட்டும். பாலனை ஒளிவிழாவன்றுதான் வைப்பார்கள். யாரும் இல்லாத அந்த வைக்கோலிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்கு வயல் இல்லை, ஸஹ்ராவிடம் சொன்னது பொய், சிஸ்டரிடம் சொன்னதும் பொய், அப்பாவிடம் சொன்னது நாலு பொய். சொல்லிவிட்டு வெளியே வந்தால் வானம் கிழிந்துகொண்டு ஊற்றியது. குடையை வகுப்பில் விட்டது ஞாபகம் வந்தும் திரும்பிப் போகவில்லை. நனைவதும் தண்டனையில் சேரும் என்று நினைத்தேன்.

தண்டனை காய்ச்சலாக வந்தது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு நாளும் போர்வைக்குள் கிடந்தேன். அப்பா கஞ்சி வைத்துத் தந்தார், அதில் உப்பு கூடியிருந்தது. புதன்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வழியில் மருந்து எடுத்துக்கொண்டு, அரைமணி நேரம் பிந்தித்தான் பாடசாலையில் இறக்கிவிட்டார்.

நான் வாசலில் நின்றதும் வகுப்பு அடங்கிப்போனது. அப்படி ஒரு அமைதியை அந்த வகுப்பில் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஜன்னலைப் பார்த்தேன். என் பேணி பச்சையாக இருந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு விரல் உயரத்துக்குப் பயிர். அப்போதுதான் தூங்கி எழுந்தது போல எல்லாம் தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, காலைக் கூட்டத்தில் நிற்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றது. சிலது வெளிர்பச்சை, சிலது கரும்பச்சை. நான் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தொரு முகமும் என்னையே பார்த்தன. சிஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஒன்றுமே எழுதாத பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளை அங்கியின் கையில் சேறு தெறித்திருந்தது. புதன்கிழமை நகம் பார்க்கும் நாள். ஸஹ்ராவின் நகத்துக்குள் மண் அப்பிக்கிடந்தது, முன்வாங்குக்காரிகளின் நகத்துக்குள்ளும்தான். இன்றைக்கு எல்லாருக்கும் அடி நிச்சயம் என்று நினைத்தேன். ஆனால் சிஸ்டர் அன்று நகம் பார்க்க மறந்துவிட்டார்.

எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நான் உண்மையைச் சொன்னேன், பாலன் முளைக்கவைத்தார், கணக்கு முடிந்தது. சந்தோஷம் தாங்காமல் மற்றவர்களின் பேணிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பார்த்தால், ஒன்றுகூடச் சரியில்லை! ஒவ்வொரு பேணியிலும் ஒரு மூலையில் விரல் போகும் அளவுக்குச் சொட்டை விழுந்திருந்தது. நாலு நாள் நான் இல்லாததற்கு இந்தக் கோலமா என்று இரக்கமாக இருந்தது.

"ரெண்டு நேரமும் தண்ணி ஊத்தோணும்" என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னேன். "ஒழுங்காப் பார்க்காட்டி இப்பிடித்தான் சொட்டை விழும்."

பின்வாங்கில் ஒருத்தி வாயைத் திறந்தாள். ஸஹ்ரா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓம் புள்ள, இனி ஊத்துறம்" என்றாள் என்னிடம்.

ஒளிவிழாவன்று காலையில்தான் அம்மா திருக்கோவிலிலிருந்து வந்து சேர்ந்தார். வந்த கையோடு அவரையும் அப்பா அழைத்து வந்துவிட்டார். வேதக்காரப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து கரோல் கீதம் பாடினோம், நத்தார் தாத்தா தாடி கழன்று விழும்வரை ஆடினார், பாலனை வைக்கோலில் கிடத்தினார்கள். குடிலைச் சுற்றி முப்பத்திரண்டு பேணி. அப்பா தோய்த்த சேர்ட்டோடு என் பேணிக்கு முன்னால் போய் நின்று, பக்கத்தில் யார் வந்தாலும் "நம்மட மகள்ற" என்று காட்டினார். அவர் அவ்வளவு உயரமாக நின்று நான் பார்த்ததில்லை.

அம்மா குனிந்து என் பேணியைப் பார்த்தார். மற்றப் பேணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எந்த நெல்லக் குடுத்தீங்க?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அடுப்படி மூலைக்குள்ள கிடந்த சாக்குலதான். ஏன்?"

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு தூரத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்தார். "ஒண்டுமில்ல. நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். மெழுகுதிரிப் புகை என்று நான் எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் தவணையின் கடைசி நாள். அம்மா ஒரு பெரிய சட்டி நிறையக் கடலை அவித்து, தேங்காய்ச்சொட்டுப் போட்டுத் தாளித்து, பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் தானே அள்ளி வைத்தார். சிஸ்டருக்குத் தனியாக ஒரு பார்சல் நெத்தலிக் கருவாடு. என் பேணி நன்றாக வந்ததைக் கொண்டாடுகிறார் என்று நினைத்து, நான் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் போல நின்றுகொண்டிருந்தேன்.

அன்று ஸஹ்ராவிடம் சொன்ன பொய் பதினாறு வருடம் கழித்து உண்மையாகிவிட்டது. எனக்கு இப்போது சவளக்கடையில் வயல் இருக்கிறது, கல்யாணம் கட்டிய வகையில். வந்த முதல் கார்த்திகையில், பழைய ஞாபகத்தில் ஒரு டின்மீன் பேணியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். என் கணவரின் அம்மா முற்றத்தில் பாய் விரித்து நெல் காயவைத்திருந்தார். அதில் ஒரு பிடி அள்ளினேன்.

"என்னத்துக்கு மகள்?"

"பேணியில போட்டு முளைக்க வைக்க, மாமி."

மாமி சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. "புழுக்கின நெல்லு முளைக்குமா மகள்? அது அவிஞ்சதுதானே! தவமிருந்தாலும் முளைக்காது."

நான் நெல்லைப் பாயில் திரும்பப் போட்டேன். அம்மா திருக்கோவிலுக்குப் போவதற்கு முதல்நாள் வீடெல்லாம் நிறைந்திருந்த ஆவியும், அந்தப் புழுங்கல் வாசமும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. பிறகு மற்றவையும் வந்தன. தலை சாய்ந்து வரிசையாக நின்ற பயிர், இரண்டு பச்சை, நகத்துக்குள் மண். நெல் தானாக வரிசையில் முளைக்காது. வரிசையில் நின்றால் அது யாரோ நட்ட நாற்று. ஆளுக்கு மூன்று நாற்று பிடுங்கினால் ஒரு விரல் அளவுக்குச் சொட்டை விழும்.

ஸஹ்ராவுக்கு அவளுடைய வாப்பாவின் வயலுக்குப் பக்கத்து வயல் யாருடையது என்று முதல் நாளே தெரிந்திருக்கும். வகுப்புக்கே தெரிந்திருக்கும். அந்தப் பொய்க்காரிக்காக ஒன்பது வயதுப் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், தாங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்ததில் கைவைத்தார்கள். இன்றைக்கு அவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். எல்லாருக்கும் என் மனம் நிறைந்த நன்றி. அன்றைக்கு நான் அவர்களுக்குச் சொன்னதோ, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற புத்திமதி மட்டும்தான்.

அதைக் கேட்டு ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.