சீம்பாலுக்குக் காசு வாங்காத அப்பா

எங்கள் அப்பாவின் முதலாண்டு நினைவுநாளுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகளின் வணக்கம். அப்பாவின் பெருமைகளைத் தம்பி அடுத்த பக்கத்தில் எழுதியிருக்கிறான். நான் சீம்பாலைப் பற்றி எழுதுகிறேன். சிலருக்குக் கசக்கும், கசக்கட்டும்.

மகாராஜபுரத்தில் பிறந்த அப்பா, விவசாயம் கைகொடுக்காமல் இரண்டு மாடுகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பால்கோவா போடுகிறவர்களுக்குப் பால் ஊற்றி எங்களை ஆளாக்கினார்கள். மாடு ஈன்றால் முதல் சில நாள் பால் கடைக்குப் போகாது, காய்ச்சினால் கட்டியாகிவிடும். கன்று குடித்தது போக மிச்சத்தில் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் தெருவுக்கே கொடுப்போம். தெலுங்கு பேசும் எதிர்வீட்டார் ஜுன்னு என்று ஆசையாக வாங்கிக்கொள்வார்கள். சீம்பாலுக்குக் காசு வாங்கக் கூடாது என்பது அப்பா வைத்த சட்டம்.

அப்போதெல்லாம் படித்த உறவினர்கள் மூக்கைச் சுளித்தார்கள். பட்டிக்காட்டுத் தின்பண்டமாம், வயிற்றுக்கு ஆகாதாம். பெற்றவளின் முதல் பாலையே பீய்ச்சிக் கீழே கொட்டச் சொன்ன புத்திசாலிகளும் நம் குடும்பத்தில் உண்டு. கொரோனா வந்துபோன பிறகு அதே சீம்பால் பொடியாகி, பளபளப்பான டப்பாவில் ஏறி, எதிர்ப்புச் சக்தி என்ற பட்டத்தோடு எங்கள் பக்கம் வந்தது. மூக்கைச் சுளித்தவர்களே முந்திக்கொண்டு வாங்கினார்கள்.

ஒரு கம்பெனி ஆள் எங்கள் தொழுவத்துக்கும் வந்து முதல் பாலை மொத்தமாகக் கேட்டார். கன்றுக்கு என்ன செய்ய என்று அப்பா கேட்டதற்கு, பால்பவுடரைக் கரைத்து ஊற்றலாம் என்றார்.

“அப்ப கன்னுக்கு மாவு, மனுசனுக்குச் சீம்பாலா? போயிட்டு வாங்க” என்றார்கள் அப்பா.

வாசலில் விரட்டியது கொல்லை வழியாக வந்தது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கும் எங்கள் தாய்மாமா அந்த டப்பாவுக்கு ஏஜென்ட் ஆனார். அப்பாவின் காலில் சர்க்கரைப் புண் வந்தபோது, ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற வேண்டாம், இதைக் குடித்தால் தானாக ஆறும் என்றார். ஊருக்கெல்லாம் கட்டுத்துணி விற்பவர் சொன்ன வைத்தியம் இது. மைத்துனர் பேச்சைத் தட்டினால் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் முகம் இருக்காதென்று அப்பா குடித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கால் விரலை எடுக்க வேண்டி வந்தது.

“விரலோட போச்சுல்ல அத்தான், காலு தப்புச்சுல்ல. அதுவே நம்ம பவுடராலதான்” என்றார் மாமா, கட்டிலருகே நின்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அத்தோடு அப்பா பவுடரை நிறுத்திவிட்டார்கள். தொழுவம் வரை நடக்கவும் ஆள் துணை வேண்டியதாயிற்று. சில மாதங்களில் மாரடைப்பில் போய்விட்டார்கள். பதினாறாம் நாள் பந்தியில், பாதியில் நிறுத்தாமல் குடித்திருந்தால் அத்தான் இருந்திருப்பார் என்று மாமா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற மாதம் அப்பா வளர்த்த செவலைப் பசு ஈன்றது. கன்று வயிறு நிறையக் குடித்த பிறகு அம்மா சீம்பால் வேகவைத்து, தெருவுக்குக் கொடுத்தது போக ஒரு தூக்குவாளி நிறைய எடுத்து என்னை இராஜபாளையம் பஸ் ஏறச் சொன்னார்கள். மாமாவுக்கு எதற்கு என்றேன்.

“குடுத்துட்டு வா. காசு எம்புட்டுன்னு கேட்டாம்னா, இதுக்குக் காசு கெடையாது, அவிய வச்ச சட்டம்னு சொல்லு.”

காசு எவ்வளவென்று மாமா கேட்கவில்லை. வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

விரல் எடுத்த பிறகு முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிய நர்சம்மாக்களுக்கும், கைத்தாங்கலாக அப்பாவைத் தினமும் தொழுவத்தில் கொண்டுபோய் உட்காரவைத்த எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மாமாவுக்கும் நன்றி. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாதென்று, தூக்குவாளிக்குள் ஒரு டப்பா பவுடர் வைத்துக் கொடுத்தார். பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். காசு வேண்டாம்.