சாலையைப் பார்த்த தகடுகள்

அவனை ஊரில் எல்லாரும் ஏணி என்றுதான் கூப்பிட்டார்கள். சோலார் கம்பெனி வருவதற்கு முன் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். உயரத்துக்குப் பயப்பட மாட்டான், முதலாளிக்குத்தான் பயப்படுவான். கம்பெனிக்கு இரண்டுமே தோதாகப் போயிற்று.

மின்கம்பம் எட்டிப் பார்க்காத ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில்தான் லாபம் கொட்டிக் கிடக்கிறது என்று கம்பெனி வெளியே சொல்லிப் பணம் திரட்டிக்கொண்டிருந்தது. பணம் போடுகிற பெரிய மனிதர்கள் காரில் வருவார்கள். காரிலிருந்து பார்த்தால் கண்ணில் படவேண்டும் என்பதற்காக சோலார் தகடுகளை எல்லாம் சாலையைப் பார்த்த கூரைச் சரிவிலேயே மாட்டச் சொன்னார் மேனேஜர். சாலைக்கு ஒரு பக்கத்து வீடுகளுக்கு அது வெயில் விழுகிற சரிவு. மறுபக்கத்து வீடுகளுக்கு நிழல் சரிவு. கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஏணிக்கும் தெரியும். தெரிந்தேதான் முடுக்கினான்.

நிழல் பக்கத்தில் அவன் அக்கா வீடும் இருந்தது. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறவள். "மிதிச்சு மிதிச்சு உன் முட்டி போச்சுக்கா. அதான் கரண்டு வருதே, மோட்டார் மிஷின் வாங்கிக்கோ" என்று வாய் ஓயாமல் சொன்னவன் இவன்தான். தம்பி பேச்சை நம்பி மிதி மிஷினை விற்றாள். புது மிஷின் நாலு சட்டைக்கு ஓடும், அப்புறம் முக்கி முனகி நின்றுவிடும்.

"டேய், தகட்டைக் கழட்டி அந்தச் சரிவுல மாட்டுடா. உனக்கு அது ஒரு வேலையா?"

"அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்கா. அப்பதான் எனக்கு வேலை நிரந்தரமாகும். அப்புறம் முதல்ல உன் வீடுதான்."

"அதுவரைக்கும் நான் காத்தையா தைக்கிறது?"

ஏணிக்கு முகத்தைக் கொண்டு போய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏறவில்லை.

வருகிறோம் வருகிறோம் என்றவர்கள் வராமலே நாளைக் கடத்தினார்கள். பள்ளி அதற்குமேல் பொறுக்கவில்லை, சீருடை வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டது. அக்கா துணி மூட்டையைக் கட்டினாள். நகரத்துத் தையல் ஆலையில் இடம் கிடைத்திருந்தது.

"அங்க மிஷின் நிக்கவே நிக்காதாம்" என்று வீட்டுச் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"இப்பவே மாத்திடறேன்கா."

"இப்ப யாருக்குடா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

அவள் போனபிறகுதான் கார்கள் வந்தன. வந்தவர்கள் இறங்கி இரண்டு பக்கத்து வீடுகளுக்குள்ளும் பார்க்க வேண்டும் என்றார்கள். நிழல் பக்கத்தில் எந்த வீட்டில் போட்டாலும் விளக்கு சோகை பிடித்து எரிந்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அக்கா வீட்டைத் திறக்கச் சொன்னார். ஆள் இல்லாத வீடு. செலவழிக்க யாருமில்லாமல் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து கிடந்தது. விளக்கு பளீரென்று எரிந்தது. ஏணி மிஷினை ஓட்டிக் காட்டினான். அதுவும் குதிரைபோல ஓடியது.

"இந்த வீட்டுல யாரு இருக்காங்க?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"எங்கக்கா. நாள் பூரா தைக்கிறாங்க" என்றான் ஏணி. மேனேஜர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஊருக்கும் பணம் வந்தது. ஏணிக்கு வேலை நிரந்தரமானது. "அந்த வீடு அப்படியே பூட்டி இருக்கட்டும். இனி யார் வந்தாலும் அதையே காட்டுவோம்" என்று சாவியை மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தாள். ஆலையில் பஞ்சுத் தூசி, இருமல் விடவில்லை. "கார்க்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்களாமே. தகட்டைத் திருப்பிட்டியாடா? திருப்பிட்டேன்னா சொல்லு, நான் வந்துடறேன்."

ஏணி, மேனேஜர் அறையில் தொங்கிய சாவியைப் பார்த்தான்.

"அங்கயே இருந்துக்கோக்கா, இன்னும் கொஞ்ச நாளைக்கு" என்றான்.