லவீனாவின் பொத்தான் உறைகள்

குருநகர் கிறகோரியின் மகள் லவீனா பெற்றோல் செட்டில் வண்டிகளுக்கு எண்ணெய் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். அங்கே கொடுத்த சீருடை ஆண்களுக்குத் தைத்த நீலச் சட்டை. தோள் இறங்கி, கை முழங்கையைத் தாண்டித் தொங்கும். தலையில் தொப்பி, மூக்கு வரை மாஸ்க். மோட்டார்சைக்கிளை நிறுத்துகிறவர்கள் முகத்தைப் பார்க்காமலே, "தம்பி, ஆயிரத்துக்கு அடியும்" என்பார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. முப்பத்துநாலு வயதுப் பெண் நாள் முழுக்கத் தம்பியாக நிற்பது லேசான காரியமல்ல.

வேலையை விட்டால் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே வெட்டித் தைக்க வழியில்லை. ஆனால் பொத்தான்களின் மேலே பூப்போல எதையாவது மாட்டினால் பெண் என்று தெரியும், மாலையில் கழற்றியும் விடலாமே! பட்டணத்துக் கடையொன்றில் பொத்தானைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைப் பூக்கள் ஏழு வாங்கி மாட்டிக்கொண்டு போனாள்.

மனேச்சர் பஞ்சலிங்கம் தூரத்திலேயே கண்டுவிட்டார். "பிள்ளை, பெற்றோல் அடிக்கிற இடத்திலை உதென்ன பித்தளை? கழட்டு!"

அதில் நியாயம் இருந்தது. அப்போதே கழற்றினாள். அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சிவப்புப் பூப்போட்ட பழைய பாவாடையொன்றை எடுத்து, வட்டம் வட்டமாக வெட்டினாள். இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, பின்பக்கத்தில் பொத்தான் நுழைய ஒரு கீறல் விட்டாள். திங்கள் மத்தியானத்துக்குள் இரண்டு விழுந்து தொலைந்தன. வீட்டுக்கு வந்து, கீறலைச் சிறிதாக்கி, ஓரத்தை நூலால் இறுக்கி, ஏழையும் புதிதாகத் தைத்தாள்.

அடுத்த நாள் பஞ்சலிங்கம் மறுபடியும் வந்தார்.

"இப்ப பித்தளை இல்லை அண்ணை, சீலைத் துணி."

"சீருடை எண்டால் சீருடைதான். எல்லாரும் ஒரே மாதிரி நிக்கவேணும்."

"சட்டைத் தெறியை மூடக்கூடாதெண்டு எங்கை எழுதிக் கிடக்கு? காட்டுங்கோ, கழட்டிறன்."

அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மேலிருந்து கீழே வாசித்தார். சிகரெட் கூடாது, கைபேசி கூடாது, செருப்புக் கூடாது. பொத்தானைப் பற்றி ஒரு வரியுமில்லை. "முதலாளியைக் கேள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதலாளி வெள்ளிக்கிழமைகளில்தான் வருவார். அதுவரை லவீனா உறைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளியன்று அவர் காரிலிருந்து இறங்கியதும் ஏழையும் மாட்டிக்கொண்டு நேரே போய் நின்றாள்.

"ஐயா, ஒரு விசயம் கதைக்கவேணும்." தம்பிக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் உறைகளை உற்றுப் பார்த்தார். "கழண்டு வண்டியின்ரை பெற்றோல் ராங்கிக்குள்ளை விழுந்தால்?"

லவீனா சட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து உதறினாள். இரண்டு தரம் குதித்தும் காட்டினாள். ஒன்றும் அசையவில்லை. முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, போடு பிள்ளை. ஒண்டு விழுந்தாலும் எல்லாத்தையும் கழட்டிப்போடவேணும்."

"ஓம் ஐயா."

அது நடந்து எட்டு மாதம். ஒன்றும் விழவில்லை. தம்பி என்று கூப்பிடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். தவக்காலத்துக்கு ஊதா, மற்ற நாட்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் என்று மூன்று தொகுதி வைத்திருக்கிறாள். பக்கத்துப் பம்பில் நிற்கும் உதயகலாவும் தனக்குப் பச்சையில் தைத்துத் தரச்சொல்லி வாங்கிப் போட்டிருக்கிறாள். பஞ்சலிங்கத்துக்கு மட்டும் இன்றைக்கும் மனம் இளகவில்லை.

"எனக்கு உது பிடிக்கேல்லை பிள்ளை" என்றார் போன கிழமையும்.

"பிடிக்காட்டிப் பரவாயில்லை அண்ணை" என்றாள் லவீனா, அடுத்த வண்டியின் மூடியைத் திறந்துகொண்டே.