அழாத டாங்கோ

புதுச்சேரியில் கிராமபோன் ரிப்பேர் என்றால் அந்தக் காலத்தில் என் கடைதான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எவனிடமும் கைகட்டி நின்று தொழில் கற்கவில்லை. மற்ற மெக்கானிக்குகள் தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டைச் செருகி, நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணித்தான் வேகத்தைச் சரிபார்ப்பார்கள். எனக்குக் காது போதும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொன்னது.

ஐம்பத்து நான்கில், பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம், கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் தன் கிராமபோனைக் கொண்டு வந்தார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பிரிங் வில் உடைந்திருந்தது. கடையில் கிடைக்காத அந்த வில்லை நானே அடித்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வாங்கி, அந்தப் பெட்டியில் அவரும் அவர் மனைவியும் ஓயாமல் கேட்டது ஒரே ஒரு டாங்கோ நடனப் பாட்டு. சில வருஷத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ அந்த ரெக்கார்டின் மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டார்கள்.

அறுபத்திரண்டில் குமாஸ்தா பாரிஸில் இருக்கும் மகனோடு போய் இருப்பதென்று முடிவாயிற்று. அதற்குமுன் மகன் ஒரு லாங்ப்ளே ரெக்கார்டு அனுப்பியிருந்தான். பழைய டாங்கோக்கள் பன்னிரண்டைச் சேர்த்துப் புதிதாக அடித்தது. பழைய கிராமபோனில் அது ஓடாது; எங்கள் தெருவில் அதைப் போடும் மிஷின் என்னிடம்தான் இருந்தது.

“இந்த வூட்ட விட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவ எங்க பாட்ட கேட்டுடணும்ப்பா. அட்டையில மொத பக்கம் அஞ்சாவதுன்னு போட்டிருக்கான். நடுவுல ஒட்டுன தாளுல ரெண்டாம் பக்கம் மூணாவதுன்னு போட்டிருக்கான். எது நெசம்?”

“அச்சடிச்சவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் முசியே. உக்காருங்க.”

அஞ்சாவதைப் போட்டேன். தலையாட்டினார், இல்லை. மூன்றாவதும் இல்லை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். அவர் இரண்டு பட்டியலையும் வாசிக்க, எந்தப் பாட்டில் எந்தப் பெயர் வாயில் வருகிறது என்று நான் காது கொடுத்துப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில், அட்டையும் தாளும் வேறு பெயர் சொன்ன இடத்தில், பாடகன் அவர் தேடிய பெயரைத் திரும்பத் திரும்பப் பாடினான்.

“கேட்டீங்களா? பேரே சொல்றான். ரெண்டு பேரும் தப்பு, நான்தான் கரெக்ட்டு!”

“பேரு வருது. ஆனா இது அது இல்லப்பா. இவன் அழுவுறான். எங்க பாட்டு அழுவாது. அதப் போட்டுட்டுத்தான் அவ வெங்காயம் அரிவா. கத்தி துள்ளும்.”

“உங்க காதுலதான் அடைப்பு.”

“இருக்கும். அவ போனதுலேர்ந்து எதுவும் சரியா வுழல.”

கிளம்புவதற்கு முந்தின நாள் கிராமபோனையும் லாங்ப்ளேயையும் என் மேஜைமேல் வைத்தார். “அவ பாட்டு இதுல இல்ல. தூக்கிட்டுப் போயி என்ன பண்றது? நீயே வெச்சுக்க.” குடையை மறந்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போய் ஒரு வாரம் கழித்து, அந்தக் கிராமபோனில் வேறொரு ரெக்கார்டைப் போட்டேன். நன்றாகத் தெரிந்த பாடகியின் குரல் சின்னப் பெண் குரல்போலக் கீச்சிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் காகிதத் துண்டைச் செருகி எண்ணினேன். எழுபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் தொண்ணூறு. நான் அடித்த வில்.

லாங்ப்ளேயை என் மிஷினில் வைத்து, அந்தக் கடைசிப் பாட்டு வந்ததும் வேகம் கூட, தட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தள்ளிவிட்டேன். அழுகை நின்றது. பாட்டு துள்ளியது.

லாங்ப்ளேயின் அட்டைக்குள், பார்சலைச் சுற்றி வந்த தாளில் மகனின் விலாசம் இருந்தது. கோர்ட்டுப் பக்கம் போனால் கடிதமும் பிரெஞ்சில் விலாசமும் எழுதித் தர ஆள் உண்டு. ஆனால் அந்த எழுதுகிற ஆளிடம் என் வில் தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்று போகலாம், நாளை போகலாம் என்றிருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் குமாஸ்தா இறந்துபோன செய்தி வந்தது.

அந்தத் தாள் இன்னும் அட்டைக்குள்தான் இருக்கிறது.