டப்பாவின் மேல் கன்னியம்மா

சென்னீர்குப்பத்தில் கன்னியம்மா வீட்டு வாசலில் முன்பெல்லாம் ரோஜா இருந்தது. முல்லைப் பந்தலும் இருந்தது. போர்வெல் தண்ணீர் உப்பேறி, குடிக்கிற தண்ணீருக்கே லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓட வேண்டி வந்த ஒரு கோடையில் எல்லாம் கருகிப் போயின. பூந்தமல்லி பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டைகளைத் திருப்பித் திருப்பி, தொங்குகிற நூலை வெட்டிவிட்டு வீடு வந்தால், வாசலில் வெறும் குச்சிகள் நிற்கும். பார்க்கவே பிடிக்காமல் உள்ளே போய்விடுவாள்.

அந்தக் கோடையில்தான், மதில் ஓரத்து சிமென்ட் வெடிப்பில் யாரும் நடாத ஒரு செடி பூத்தது. இளஞ்சிவப்பில் ஐந்து இதழ், நடுவில் ஒரு கருஞ்சிவப்புப் பொட்டு. நித்தியகல்யாணி. அந்தப் பக்கத்தில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். சமாதி மேட்டில் முளைக்கிற பூ என்று வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். கன்னியம்மா தயங்கவில்லை. மெல்லிய நெற்றுகள் வெடித்துச் சிதறும் முன்பே பறித்து, மிளகை விடச் சிறிய அந்தக் கறுப்பு விதைகளை உடைந்த பக்கெட்டிலும் பெயின்ட் டப்பாவிலும் தூவினாள். தண்ணீர் அதிகம் ஊற்றினால்தான் அது அழுகும், இலை வாடினால் மட்டும் ஒரு சொம்பு போதும் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நுனியைக் கிள்ளிவிட்டால் புதராகக் கிளைக்கும். மழை வருவதற்குள் மதில் முழுக்கப் பூ. வெள்ளிக்கிழமை அம்மன் படத்துக்கு அதுதான், கோலத்தின் நடுவிலும் அதுதான். அகலமான பித்தளைத் தட்டில் தண்ணீர் விட்டு அதையே மிதக்கவிடுவாள். சந்தில் இருந்த மற்ற பெண்களும் விதை கேட்டு வந்தார்கள்.

எதிர் அபார்ட்மென்ட்டில் குடியிருந்த நிவேதிதா பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். நாங்குநேரியிலிருந்து வந்தவள். ஒருநாள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பூக்களைப் பார்த்தாள்.

"இது நம்ம ஊர்ப் பூ இல்ல, தெரியுமாக்கா? ஆப்பிரிக்கா பக்கத்துல மடகாஸ்கர்னு ஒரு பெரிய தீவு இருக்கு. அங்க காட்டுல தானா முளைக்கது."

"அம்மாந்தூரத்துலேர்ந்தா வந்துச்சு? அதான் டீச்சர், நம்மூரு வெயில சட்டையே பண்ண மாட்டேங்குது."

"ரத்தப் புற்றுநோய்க்கு இதுல இருந்துதான் மருந்து எடுக்காங்க. சின்னப் பிள்ளைங்களுக்குக் கூடக் குடுப்பாங்க. ஆனா இலைய நாமளா வாயில வச்சிரக் கூடாது, விஷம். கம்பெனியில பிரிச்சு எடுத்தாத்தான் அது மருந்து."

"ஆடே மோந்து பாத்துட்டு அப்பால போய்டுது. எனுக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து கன்னியம்மா அந்தச் செடியை ஆப்பிரிக்காக்காரி என்றுதான் சொன்னாள். அதில் குழந்தைகளுக்கு மருந்து இருக்கிறது என்பதைக் கம்பெனியில் பக்கத்து டேபிள்காரியிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னாள். வீட்டிலும் சொன்னாள், இலை விஷம் என்பதையும் சேர்த்து. அப்போது கொழுந்தன் பாபுவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பாபுவை வெறும் கொழுந்தன் என்று சொல்ல முடியாது. கன்னியம்மா வேம்புலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அவனுக்குத் தாய் இல்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற பையன். அவனுக்குத் தலை வாரி, டப்பாவில் சோறு கட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள். கல்யாணமாகிப் பூந்தமல்லியில் தனிக்குடித்தனம் போன பிறகும் வாரம் ஒரு வேளையாவது அண்ணி கையால் சாப்பிட வந்துவிடுவான். தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்றான், செல்போன் கவர் விற்றான், எதுவும் நிலைக்கவில்லை. அதைப் பற்றி யாராவது ஏளனமாகப் பேசினால் கன்னியம்மாவுக்கு ஆகாது.

அடுத்த வாரமே அவன் கோணிப்பையோடு வந்தான்.

"அண்ணி, நீ சொன்னியே அந்த கேன்சர் மருந்து. ஒரு கம்பெனிக்காரன் இலை வாங்கறானாம். குடுக்கறியா?"

"புள்ளைங்களுக்குப் போற மருந்தா?"

"ஆமா அண்ணி. அதுக்குத்தான்."

கன்னியம்மா மகிழ்ந்து போனாள். வேலை விட்டு வந்த களைப்பிலும் உட்கார்ந்து, பழுத்த இலையை ஒதுக்கி, நல்ல இலையாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தாள். வாரா வாரம் கொடுத்தாள். பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். யாரோ ஒரு பிள்ளை இதனால் பிழைத்து எழுந்து உட்காரும் என்ற நினைப்பு அவளுக்கு ரகசியமான ஒரு பெருமையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபு அவளைச் செடிகளுக்கு நடுவே நிற்க வைத்து வீடியோ எடுத்தான். சிவப்புப் புடவை கட்டிக்கொள்ளச் சொன்னான். சும்மா பேசு அண்ணி என்றான். அவளும் பேசினாள். தனக்குச் சுகர் வந்தது, ரொம்பக் கஷ்டப்பட்டது, டாக்டர் கொடுத்த மாத்திரையை விடாமல் போடுவது, காலையில் நடப்பது, நடந்து வந்து இந்தப் பூவைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடுவது, இப்போது நன்றாக இருப்பது, எல்லாவற்றையும் சொன்னாள்.

அதே சந்தில் ஆட்டோ ஓட்டுகிற பச்சையப்பன் அந்த நாட்களில் அவளிடம் அளவுக்கு மீறி மரியாதை காட்டினான். பஸ்ஸுக்கு நின்றால் வலிய வந்து ஏற்றிக்கொண்டான். "உன்னாலதான்க்கா தெம்பா கீறேன்" என்றான் ஒருநாள். எதைச் சொல்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. வாசலில் பூ பார்க்கிற சந்தோஷத்தைச் சொல்கிறான் போல என்று சிரித்து வைத்தாள்.

பிறகு ஒருநாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில், சவாரிக்குக் காத்திருந்தபோதே பச்சையப்பன் வாந்தி எடுத்து மயங்கி ஹேண்டில்பார் மேல் சாய்ந்தான். மற்ற டிரைவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சந்துக்குச் செய்தி வந்ததும் கன்னியம்மா லீவு சொல்லிவிட்டு, இளநீர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தாவில் அவன் மனைவி பொன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். கன்னியம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எந்த மூஞ்ச வச்சிகினு இங்க வந்தே?"

கன்னியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னா பொன்னி, நான் இன்னா பண்ணேன்?"

பொன்னியம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அவள் காலடியில் வீசினாள். உருண்டு வந்து நின்ற டப்பாவில், சிவப்புப் புடவையில், பூக்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டு கன்னியம்மா நின்றாள். மேலே பெரிய எழுத்தில் கன்னியம்மா சர்க்கரைப் பொடி என்று போட்டிருந்தது. உள்ளே பச்சையாகத் தூள்.

"சுகரு மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு இத்தத்தான் துன்னுகினு இருந்தாரு. சுகரு எகிறிப் போயி, இந்த வெசத்துல வவுறும் கெட்டுக் கெடக்குறாரு. உங்கொழுந்தன் கிட்ட 'அண்ணியக் கேக்கட்டா'ன்னதுக்கு, 'கேக்காத, அவங்களுக்குக் கூச்சம்'னு சொன்னானாம். நீயே வீடியோவுல பேசினியே, அப்பால இன்னா கேக்கறதுன்னு உட்டுட்டாரு."

போனில் அந்த வீடியோவைக் காட்டினாள். எனக்குச் சுகர் வந்துச்சு, ரொம்பக் கஷ்டம் என்கிறாள் கன்னியம்மா. உடனே படம் ஒரு துள்ளு துள்ளுகிறது. இந்தப் பூ என்கிறாள். மறுபடி ஒரு துள்ளு. இப்ப நல்லா கீறேன் என்கிறாள். மாத்திரையைக் காணோம், டாக்டரைக் காணோம், நடையைக் காணோம். குரல் அவளுடையது. சிரிப்பும் அவளுடையது.

உள்ளே கட்டிலில் கிடந்த பச்சையப்பன் அவளைக் கதவு வழியாகப் பார்த்தான். "உன் மூஞ்சியப் பாத்துத்தான்க்கா வாங்குனேன்" என்றான் மெதுவாக. அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். இளநீரை வராந்தா பெஞ்சிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தால், பாபு அவளுக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வேம்புலி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பாபு எழுந்து அவள் காலைத் தொட வந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"வெசம்னு டீச்சர் சொன்னத உங்கிட்ட நான் சொன்னேனா இல்லியா?"

"கொஞ்சமா துன்னா ஒண்ணும் ஆவாது அண்ணி. அந்த ஆளு நெறைய துன்னுட்டான்."

"புள்ளைங்க மருந்துக்குன்னியேடா. உக்காந்து உக்காந்து கிள்ளிக் குடுத்தேனேடா."

பாபு தரையைப் பார்த்தான். வேம்புலிதான் பேசினான்.

"போலீசு வரும்மே. ஊட்டுல நீ கைவைத்தியமா அரைச்சு நாலு பேருக்குக் குடுத்தே, அவ்ளோதான். அப்பிடிச் சொல்லிடு. பொம்பளைய ஒண்ணும் பண்ண மாட்டாங்க. இவனுக்குச் சின்னக் கொழந்த கீது."

கன்னியம்மா கணவனையே பார்த்தாள். அவன் அதிர்ந்து போனவன் மாதிரி இல்லை. பழகிப்போன விஷயத்தைப் பேசுகிறவன் மாதிரி இருந்தான்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

வேம்புலி தம்பியைப் பார்த்தான். தம்பி அவசரமாக இடையில் புகுந்தான். "அண்ணன இன்னாத்துக்கு இழுக்கற? அது ஃபோட்டோவத்தான் பொறுக்கிக் குடுத்துச்சு."

வீடியோவிலிருந்து நான்கைந்து படங்களைப் பாபு எடுத்து வைத்திருந்தானாம். டப்பாவில் எதை ஒட்டுவது என்று அண்ணனைக் கேட்டானாம். "இதுலதான் நீ லட்சணமா கீறேன்னு சொன்னேன்" என்றான் வேம்புலி. அதைச் சொன்னால் அவள் கோபம் தணியும் என்று நினைத்தவன் போலச் சொன்னான். தன் முகத்தைத் தன் புருஷன் அப்படி உட்கார்ந்து பார்த்து எவ்வளவோ வருஷம் ஆகியிருக்கும் என்று கன்னியம்மாவுக்குத் தோன்றியது. பார்த்தது இதற்காகத்தான். அவள் அழவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எதிர் வீட்டு நிவேதிதாவைக் கூப்பிடப் போனாள்.

ஸ்டேஷனில் பொன்னியம்மாவின் தம்பி ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தான். விசாரித்தது ஒரு பெண் அதிகாரி. நிவேதிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் பேசவில்லை. கன்னியம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள். இலை கொடுத்தது, எதற்கென்று நினைத்துக் கொடுத்தது, வீடியோவில் உண்மையில் என்ன பேசினாள் என்பது. தானே இன்னும் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, கைப்பையிலிருந்த அட்டையையும் காட்டினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?" என்று அதிகாரி கேட்டாள்.

வெளியே மரப் பெஞ்சில் வேம்புலி உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனும் அதை எதிர்பார்த்துத்தான் கூடவே வந்திருந்தான்.

"தெரியும்மா" என்றாள் கன்னியம்மா. "எனுக்குத்தான் தெரியல."

பாபுவைக் கைது செய்தார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டான், கேஸ் நடக்கிறது. வேம்புலியை விசாரித்து அனுப்பினார்கள். அவன் ஆவடியில் அக்கா வீட்டில் சில நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவள் கதவைத் திறந்துவிட்டாள், சோறும் போட்டாள். பேசவில்லை. சந்தில் பல வீடுகளில் பெண்கள் அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். சுடுகாட்டுப் பூவை வாசலில் கொண்டுவந்து வைத்தவள் என்று அவள் காது படவே சொன்னார்கள். அவள் தன் வீட்டுச் செடியைப் பிடுங்கவில்லை. அது ஒரு பாவமும் செய்யவில்லை என்று நிவேதிதாவிடம் மட்டும் சொன்னாள்.

பச்சையப்பன் உடம்பு தேறி மறுபடி ஆட்டோ எடுத்தான். ஒரு காலை அவள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினான்.

"ஏறு. ஸ்டேஷன்ல நீ சொன்னத கேள்விப்பட்டேன்."

"பொன்னி இன்னா சொல்லுது?"

"அது இன்னும் உன்னத் திட்டிகினுதான் கீது."

"திட்டட்டும்" என்று ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு மாதமோ என்னமோ கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த வேம்புலி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "இன்னும் எத்தினி நாளுக்குத்தான் இப்பிடியே இருப்பே? எந்தம்பி தப்பு பண்ணான், ஒத்துக்கறேன். நானு இன்னா பண்ணேன்?"

கன்னியம்மா குழம்புக் கரண்டியோடு நின்றாள். பாபு ஏமாற்றியதை அவளால் எப்படியோ விளங்கிக்கொள்ள முடிந்தது. பேராசை பிடித்த பிள்ளை, பொய் சொல்லித் தப்பப் பார்த்தான். இந்த மனுஷன் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறான். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"கொழம்பு வோணுமா?" என்று கேட்டாள்.

அவள் பேசிவிட்டாள் என்று அவன் முகம் மலர்ந்தது. வேண்டும் என்று தட்டை நீட்டினான். ஊற்றிவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கத் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.