தொப்பம்பட்டிச் சேற்றில் நான்கு சக்கரம்

தொப்பம்பட்டி தாண்டி, மழையில் ஊறிய கரிசல் தடத்தில் முருங்கைக்காய் ஏற்றிய வேன் ஒன்று அச்சு வரை புதைந்து நிற்கிறது. அதை ஓட்டி வந்த பெண் தார்ச் சாலைக்கு வந்து என் பழைய ஜீப்பைக் கைகாட்டி நிறுத்துகிறார்.

"ஏனுங்க, இது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானுங்களே? காய் ஏலத்துக்குள்ள நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட் போயாகணுங்க."

"இழுக்கும்" என்கிறேன், தயங்கித் தயங்கி. எனக்கே நம்பிக்கை இல்லை. திண்டுக்கல்லில் தினமும் ஆபீசுக்கு ஓட்டும் வண்டி இது. ஆயில் மாற்றுவேன், கிரீஸ் அடிப்பேன். ஆனால் கியர் உடைந்தால் பாகம் கிடைக்காது என்ற பயத்தில், வாங்கிய நாளிலிருந்து முன் சக்கரங்களை எஞ்சினோடு இணைத்ததே இல்லை.

ஜீப்பை வேனுக்கு முன்னால் தடத்தில் இறக்கி நிறுத்துகிறேன். சேற்றில் மண்டியிட்டு, அந்த இணைப்புக்காக முன் சக்கரத்தின் நடுவிலுள்ள பூட்டைத் திருப்புகிறேன். அசையவில்லை. அவர் குறடு எடுத்து வருகிறார். வலது சக்கரத்தில் திரும்புகிறது, பிறகு இடதிலும். இரண்டு வண்டிக்கும் நடுவே கயிற்றைக் கட்டி, நாலு சக்கரத்தையும் ஓடவைக்கும் சின்ன லீவரைத் தள்ளி, கிளட்சை மெல்ல விடுகிறேன். அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வ, வேன் உறுமியபடி பின்னால் ஏறி வருகிறது.

சாலையில் கயிற்றை அவிழ்த்தபடி அவர் கேட்கிறார்: "நல்லா இழுக்குதுங்களே, எதுக்குங்க அப்படி யோசிச்சீங்க?"

"உடைஞ்சிருமோன்னு பயம்."

"உடைஞ்சிருந்தா?"

"ரெண்டு வண்டியும் அந்தச் சேத்துலதான் நின்னிருக்கும்."

அவர் சிரித்துக்கொண்டே வேனைக் கிளப்புகிறார். நான் பூட்டுகளைப் பழையபடி திருப்பி விடாமல், அந்தச் சேற்றுத் தடத்திலேயே இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறேன்.